அங்கமுத்து வயலில் மஞ்சள் கல்

சும்மா நடப்பதற்காகவே ஒரு கூட்டம் திருச்சியிலிருந்து வேன் பிடித்து வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன். எங்கள் நாணல்மேட்டில் நடை என்பது தண்டனை. அந்தத் தண்டனையைக் கொடுத்தவர் அங்கமுத்து.

கொள்ளிடக் கரையிலிருந்து இறங்கினால் எங்கள் பத்து வீடு. எதிரே அங்கமுத்துவின் வயல். வயலுக்கு அந்தப் பக்கம் பஸ் ரோடு. வரப்பில் நடந்தால் ஐந்து நிமிடம். என் மாமியார் காலத்திலிருந்தே அப்படித்தான் நடந்தோம். போன தை மாதம் அங்கமுத்துவின் சம்சாரம் சுந்தராம்பாளுக்கு நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட் இறுக்குகிறது என்று திரும்பி வந்தது. "ஜாக்கெட் சுருங்கலங்க, நீங்கதான் பெருத்துட்டீங்க" என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்? மறுநாள் காலையில் வரப்பின் இரண்டு முனையையும் கருவேல முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார் மனுஷர். ஒரு ஜாக்கெட்டுக்காகப் பத்து வீட்டுக்கும் வழி போய்விட்டது. "வாய்க்காங்கரையச் சுத்திப் போங்க, ஒடம்பு எளைக்கும்" என்று நக்கல் வேறு. மனு கொடுத்தோம். பட்டா அவர் பெயரில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர். எனக்கென்ன, நான் தையல் மிஷினோடு வீட்டில் கிடப்பவள். என் மகள் சிந்து அரியலூரில் நர்சிங் படிக்கிறாள். ஆறு மணி பஸ்ஸை விட்டால் அவளுக்கு வகுப்பு போச்சு. ஐந்தே காலுக்கு இருட்டில் வாய்க்கால் கரையில் இறங்க வேண்டும். ஒருநாள் காலுக்கு ஒரு முழம் தள்ளி கண்ணாடிவிரியன் படுத்திருந்ததைப் பார்த்ததிலிருந்து, விடிந்தால்தான் கிளம்புவேன் என்று உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் எங்கே பஸ்? இனி ஒரே ஒரு நாள் வராவிட்டாலும் பரீட்சை எழுத முடியாது என்று காலேஜில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் சுவாதி என்று ஒரு பெண் வந்து சேர்ந்தது. திருச்சியில் பேங்க் வேலை, தலையில் தொப்பி, கையில் தடி. குடிக்கத் தண்ணீர் கேட்டுவிட்டு, "இங்க சுத்தி நடக்க நல்ல பாதை இருக்காக்கா?" என்றது.

"நல்ல பாதை இருந்தா நாங்க ஏம்மா சுத்தி நடக்குறோம்?"

நான் ஏதோ ஜோக் அடித்த மாதிரி சிரித்தது. அப்புறம் விவரம் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை இருபத்தெட்டுப் பேர் வருகிறார்களாம். திருமழபாடிக் கோயிலில் கிளம்பி, கொள்ளிடக் கரையோடு நடந்து, எங்கள் தெருவில் இறங்கி, வாய்க்கால் பாலம் தாண்டி பஸ் ரோட்டில் வேன் ஏறுவார்களாம். எங்கள் தெருவிலிருந்து அவர்கள் வழி தப்பாமல் இருக்க நான் நூறு அடிக்கு ஒரு கல் வைத்து மஞ்சள் பெயிண்ட் அடிக்க வேண்டும். பாலத்தில் மோர் கொடுக்க வேண்டும். அட கண்றாவியே, நாங்கள் சபித்துக்கொண்டே நடக்கிற வழியை இவர்கள் ஆசைப்பட்டு வந்து நடக்கப் போகிறார்கள்!

வெள்ளிக்கிழமை வாய்க்கால் கரையில் கல் வைத்துக்கொண்டிருந்தேன். அன்று காலையிலும் பஸ் தவறி, அம்மாவும் மகளும் ரோட்டோரத்தில் நின்று ஒரு லாரிக்காரரிடம் கெஞ்சி ஏறவேண்டியதாகிவிட்டது. எரிச்சல் உச்சந்தலையில் நின்றது. பார்த்து அந்த நேரத்துக்கு அங்கமுத்து டிவிஎஸ்ஸில் வந்து காலை ஊன்றினார்.

"என்னா புள்ள, கல்லு?"

என் வாய் சும்மா இருக்குமா?

"ரோடு வருதாம், அளந்து போடுறோம். ஒங்க பங்காளிக்கு யோகந்தான் போங்க. கோடிகோடியாக் கொட்டப் போறாங்க."

வாய்க்கால் ஓரத்து வயல் அவருடைய பங்காளி கோகுலகிருஷ்ணனுடையது. அவர் மாடு கன்று போட்டாலே இவருக்குக் காய்ச்சல் வரும். அந்த வயிற்றெரிச்சலைக் கிளறத்தான் சொன்னேன், சத்தியமாக வேறு எண்ணமில்லை. ஆனால் எங்கள் ஜில்லாவில் பெயிண்ட் அடித்த கல் என்றால், நிலம் எடுக்க வருவது ஒன்று சிமெண்ட் கம்பெனி, இல்லாவிட்டால் நாலுவழிச் சாலை. மூன்றாவதாக ஒன்றை யாருக்கும் நினைக்கத் தெரியாது. கழுத்தில் தையல் டேப்போடு நிற்கிறவள் கவர்மெண்டு கல் வைப்பாளா என்று ஒரு கேள்வி வேண்டாமா? கேட்கவில்லை. முகம் சுண்டிப்போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை முழுக்க ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட்டோடு போராடினேன். தலையை நிமிர்த்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்தில் மோர்க் குடத்தோடு காத்திருந்தேன். வேடிக்கை பார்க்கக் கோகுலகிருஷ்ணனும் வந்து நின்றார். எட்டு மணி ஆயிற்று, எட்டரை ஆயிற்று, ஒரு ஈ காக்கையைக் காணோம். வாய்க்கால் கரையைப் பார்த்தால் என் கல் ஒன்றுகூட இல்லை. திரும்பினால், அங்கமுத்துவின் வயல் நடுவே வரிசையாகத் தொப்பிகள் போய்க்கொண்டிருந்தன.

குடத்தை வைத்துவிட்டு ஓடினேன். கோகுலகிருஷ்ணனும் பின்னாலேயே ஓடி வந்தார். வரப்பின் ஓரத்தில், இருபது அடிக்கு ஒன்றாக, என் மஞ்சள் கற்கள் உட்கார்ந்திருந்தன. இரண்டு முனையிலும் முள் இல்லை, கூட்டிப் பெருக்கியிருந்தது. ரோட்டு முனையில் அங்கமுத்து சலவைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாக, இளநீர்க் குலைக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு குண்டு மனிதரின் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"சார் எந்த டிபார்ட்மெண்டுங்க?"

"கண் டாக்டருங்க."

"நெலம் அளக்க வரலீங்களா?"

"அளக்குறேனே!" டாக்டர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "ஆறாயிரத்து நானூறு அடி நடந்திருக்கேன்."

"அளந்து?"

"அளந்து என்ன? வூட்டுக்குப் போய்க் குளிக்கணும்."

பாவம், அங்கமுத்து அப்படியே இளநீர்க் குலை மேல் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்ததும்தான் எழுந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏ வெற்றிச்செல்வி! யாரக் கேட்டுடி எங் கொல்லையில ஆள எறக்குன?"

"கல்ல நான் வாய்க்காங்கரையிலதான் வச்சேன். ஒங்க வயலுக்கு அதுவா நடந்து வந்துச்சு?"

அவர் வாயைத் திறந்தார். பின்னாலிருந்து கோகுலகிருஷ்ணன், "அதானே? எங் கரையில இருந்த கல்லு இங்க எப்படிண்ணே வந்துச்சு?" என்றார். சிரிப்பை அடக்க அவர் படாத பாடு படுவது தெரிந்தது.

திறந்த வாயை அங்கமுத்து துண்டால் துடைத்துக்கொண்டார். பங்காளிக்கு வரப்போகும் பணத்தைத் தன் பக்கம் திருப்ப, இந்த வயதில் ஒவ்வொரு கல்லாகத் தூக்கிச் சுமந்தேன் என்று பங்காளி முன்னால் எப்படிச் சொல்வார்? உயிர் போனாலும் சொல்லமாட்டார்.

"நாந்தான் எடுத்தாந்து வச்சேன்" என்றார் கடைசியில். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அங்க பாம்பு கெடக்குது. வெளியூரு ஆளுங்க. எங் கொல்லையில நடந்தா என்ன தேஞ்சா போயிடும்?"

சுவாதி கைதட்டியது. இருபத்தெட்டுப் பேரும் தட்டினார்கள். கோகுலகிருஷ்ணன்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார்.

இப்போது விட்டால் இனி எப்போதும் கிடையாது.

"எங்க புள்ளைங்களையும் பாம்பு கடிக்கும் ஐயா" என்றேன். திட்டத்தான் வாயெடுத்தேன், குரல் உடைந்துவிட்டது. "எம் மவ நாளைக்குப் பஸ்ஸ வுட்டுட்டா பரீட்சையே எழுத முடியாது. இந்த வழி எங்களுக்கும் உண்டுதானே?"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. பங்காளியைத்தான் ஒரு தடவை பார்த்தார்.

"நடங்களேன். யாரு வேணாம்னா?"

அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. விடிந்ததும் முள்ளோடு வந்து நிற்பார் என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு சிந்துவோடு நானும் வரப்பில் இறங்கினேன். அரிவாளும் கையுமாக அங்கமுத்து வயல் நடுவே நின்றிருந்தார். சிந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதாவது சொன்னால் திருப்பிக் கொடுக்க, இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்த அத்தனை வசவும் என் நாக்கு நுனியில் நின்றது.

அதற்குள் ரோட்டில் ஹாரன் அடித்தது. பஸ் முன்னதாகவே வந்துவிட்டது. சிந்து ஓடினாள். நாலு அடி வைப்பதற்குள் பஸ் நகர ஆரம்பித்தது.

"ஏய்! நிறுத்துறா!" அங்கமுத்து அரிவாளைத் தூக்கி ஆட்டிக்கொண்டு கத்தினார். "புள்ள ஓடியாருது, கண்ணு தெரியல?"

பஸ் நின்றது. சிந்து ஏறினாள். படியில் நின்று எங்கள் இரண்டு பேருக்கும் கையாட்டினாள்.

வசவு எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் அந்த வயல் நடுவே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் குனிந்து புல்லை அறுக்க ஆரம்பித்தார்.

"என்னா நிக்கிற? வூட்டுக்குப் போ, வேலையப் பாரு" என்றார் நிமிராமலே.

போனேன். வரப்பு வழியாகவே போனேன்.