நகராத நீலப் புள்ளி

தையல்காரம்மாவுக்கு அன்று மாலை இருப்புக் கொள்ளவில்லை. மகன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். அவன் எங்கே போகிறான், எங்கே நிற்கிறான் என்று அவளுடைய போனில் ஒரு நீலப் புள்ளி காட்டிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு ஒரு தைரியத்துக்கு என்றுதான் வைத்துக் கொடுத்தான், பாவம். அவளோ கண்கொத்திப் பாம்பாகிவிட்டாள். போன வாரம் புள்ளியைப் பார்த்தபடியே ஒரு சட்டைக்கு இரண்டு இடது கைகளை வைத்துத் தைத்தாள் என்றால் பாருங்களேன்!

இன்றைக்கு மத்தியானத்திலிருந்து அந்தப் புள்ளி நெடுஞ்சாலை ஓரத்தில் அப்படியே நிற்கிறது. போன் அடித்தால் எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு டீச்சர் வீட்டில் ஜெபக் கூட்டம். டீச்சரின் கணவருக்கு மறுநாள் காலை இதயத்தில் ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

“அக்கா, நீங்க ஜெபம் பண்ணினாதான் எனக்குத் தெம்பு” என்று டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெபம் என்று வந்துவிட்டால் தையல்காரம்மா வெளுத்து வாங்குவாள். ஒரு கை டீச்சரிடம், மறு கையில் பைபிளுக்கு அடியில் போன்.

“ஆண்டவரே, நாளைக்கு டாக்டருங்க கையை நீரே பிடிச்சு நடத்தும்...” நன்றாகத்தான் ஆரம்பித்தாள். கண் ஒருமுறை கீழே போயிற்று. “நிக்கக் கூடாதப்பா! அந்தப் புள்ளியை நகர்த்தும் ஆண்டவரே! அது நகர்ந்தாப் போதும், எனக்கு வேற எதுவும் வேண்டாம்!”

“ஆமென்!” என்று எல்லாரும் பழக்க தோஷத்தில் முழங்கினார்கள்.

டீச்சர் மட்டும் சொல்லவில்லை. அந்தப் புள்ளியின் கதை அவளுக்குத் தெரியும். கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

தையல்காரம்மாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எழுந்து வாசலுக்கு ஓடினாள். அந்த அவமானத்திலும் விரல் மகனுக்குத்தான் போன் போட்டது.

“என்னம்மா? வண்டியை ஓரங்கட்டிட்டுத் தூங்கிட்டு இருந்தேன்.”

போன உயிர் திரும்பி வந்தது. வந்து மூச்சுகூட விடவில்லை, “அடுத்து எங்கடா நிறுத்துவே? எந்த ரோட்டுல போவே?” என்று ஆரம்பித்துவிட்டாள்.

“அம்மா, கடவுளே என்னைத் தூங்க விடுறாரு. நீதான் விட மாட்டேங்கிறே.”

சுருக்கென்றது. மகனைக் கர்த்தர் கையில் ஒப்படைத்துவிட்டேன் என்று சபை நடுவில் சாட்சி சொன்னவள் அவள். புள்ளி நகர்ந்தால் ஸ்தோத்திரம், நின்றால் அழுகை. அடிப்பாவி, இத்தனை நாளாக யாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசிற்று.

“அந்தப் புள்ளியை எடுத்துடுப்பா.”

“நெஜமாவா சொல்றே?”

“சீக்கிரம் எடுடா. மனசு மாறிடப் போகுது.”

புள்ளி மறைந்தது. நிம்மதி வந்ததா என்றால், அதுதான் இல்லை. விடியும்வரை பொட்டுத் தூக்கம் கிடையாது. போனை எடுப்பதும் வைப்பதுமாகவே கிடந்தாள்.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டீச்சரின் கணவரை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோயிருந்தார்கள். வெளியே பெஞ்சில் டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“என்ன, புள்ளி நகர்ந்துதா?” குரலில் சூடு இருந்தது.

“அதை எடுக்கச் சொல்லிட்டேன் டீச்சர். இப்ப அவன் எங்க இருக்கான்னே தெரியலை. சாருக்காக ஜெபிக்கக் கூப்பிட்டீங்க, நான் என் பிள்ளைக்குப் பேசிட்டேன். மன்னிச்சிடுங்க.”

டீச்சர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். பிறகு கையை நீட்டினாள். தையல்காரம்மா இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆண்டவரே, உள்ள படுத்திருக்கிற உம்ம பிள்ளை...” அதற்குமேல் ஓடவில்லை. இத்தனை வருஷம் பக்கத்துச் சுவர். சார், சார் என்றே கூப்பிட்டாகிவிட்டது.

“டீச்சர், சாரோட பேர் என்ன?” அதைக் கேட்பதற்குள் அவளுக்கு முகம் செத்துப்போயிற்று.

டீச்சர் அவளையே பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே சொன்னாள். தையல்காரம்மா அந்தப் பெயரைச் சொல்லி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.