கைதட்டும் எறும்பு

வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. அதுதான் சுண்டுவுக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பணம் கட்டும் ஜன்னலில் எந்த நாளும் வரிசை இப்படி நகராது. உள்ளே இருப்பவர் டீ குடிக்க எழுந்து போவார், ரசீது மெஷினில் காகிதம் சிக்கும், யாராவது ஒருவர் இவ்வளவு ஏன் என்று சண்டை பிடிப்பார். இன்றைக்குப் பார்த்து எல்லாம் எண்ணெய் விட்ட மாதிரி ஓடுகிறது. யாராவது சண்டை போடுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினாள். யாரும் போடவில்லை.

அவளுக்கு முன்னால் அம்மா நின்றாள். வேலைக்குப் போகும் நீலச் சட்டை, முழங்கை வரை சுருட்டிய கை. இதே ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவைக் கூடத்தில் அம்மாவுக்கு மடிப்பு வேலை. அம்மாவுக்கு முன்னால் கண்ணாடியக்கா. அவளும் அங்கேதான், கறை பார்த்துப் பிரிக்கும் மேசையில். கறை பார்த்துப் பார்த்து ஆட்களையும் அப்படியே பார்க்கப் பழகியவள். சாட்சிக்கு ஒருத்தி கூட வரட்டும் என்று அம்மாதான் கூப்பிட்டிருந்தாள்.

"சுண்டு, போன எடுத்து ரெடியா வெச்சுக்கோ. நம்ம முறை வந்தப்புறம் தடவிட்டு நிக்காத," என்றாள் அம்மா, திரும்பாமல்.

அம்மாவின் போன் சுண்டுவின் உள்ளங்கையில்தான் இருந்தது. நேற்று சாயங்காலத்திலிருந்தே அது அங்கேதான் இருக்கிறது. ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். ஒருவேளை திரும்பி வந்திருக்குமோ என்று. வரவில்லை.

போன வாரம் சலவைக் கூடத்தில் நெட்டையக்காவின் கை உருளைக்குள் போய்விட்டது. ஈர விரிப்பைச் சூட்டோடு இழுத்துத் தேய்த்து வெளியே தள்ளுகிற உருளை. அதன் நிறுத்து பொத்தான் வேலை செய்யவில்லை என்று எல்லோரும் பலமுறை சொல்லியிருந்தார்கள். காண்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, "பாத்து வேலை செஞ்சிருக்கணும்," என்று மட்டும் சொன்னார். விரல்கள் பிழைக்க வேண்டுமானால் நாளைக் காலை ஆபரேஷன். அதற்கு இன்று சாயங்காலத்துக்குள் முன்பணம். எந்த ஆஸ்பத்திரி விரிப்பைத் தேய்க்கப் போய்க் கை வெந்ததோ அதே ஆஸ்பத்திரிக்கு. கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து வசூல் பண்ணினார்கள். யார் கணக்கில் போடுவது என்று பேச்சு வந்தபோது யாரும் யோசிக்கவில்லை. அம்மாவின் கணக்கு. முந்தைய வசூலை ஒரு மேஸ்திரி சாப்பிட்டு ஏப்பம் விட்டதிலிருந்து, அங்கே கூட்டுப் பணம் என்றால் அம்மாதான்.

அந்தப் பணத்தைத்தான் எறும்பு தூக்கிக்கொண்டு போய்விட்டது.

எறும்பு என்று சுண்டுதான் பேர் வைத்திருந்தாள். அம்மாவின் போனில் அவளே போட்ட சேமிப்பு ஆப். திறந்தால் முதுகில் மூட்டையோடு ஒரு எறும்பு சிரிக்கும். வங்கிக் கணக்கோடு இணைத்துவிட்டால் நாம் நினைக்கவே வேண்டாம், தானாக அவ்வப்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒதுக்கி வைத்துவிடும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கைதட்டல் சத்தம். ஊரார் துணியை எல்லாம் மெஷினில் போட்டு எடுக்கும் அம்மா, வீட்டுக்கு வந்து குளியலறைத் தரையில் குந்தி சொந்தத் துணியைக் கையால் துவைப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் சுண்டுவுக்கு ஆத்திரம் வரும். அதனால் 'எதற்காகச் சேமிக்கிறீர்கள்?' என்று எறும்பு கேட்டபோது 'அம்மாவுக்கு வாஷிங் மெஷின்' என்று எழுதினாள். மெஷின் படம் ஒன்று வந்தது. பணம் சேரச் சேர அதற்குள் நீலத் தண்ணீர் ஏறும்.

பூட்டு வேண்டுமா என்றும் எறும்பு கேட்டது. ஒரு வருஷத்துக்கு யாராலும் தொட முடியாத பூட்டு. அவளுக்கு உடனே மாமா ஞாபகம் வந்தது. அம்மாவின் தம்பி. மாசம் தவறாமல் வருவார், "அக்கா, இதான் கடைசி," என்பார். அம்மாவும் பணம் அனுப்பச் சொல்லிச் சுண்டுவிடம் போனை நீட்டுவாள். இந்தத் தடவை பார்க்கிறேன் மாமா என்று பெருமையாகப் பூட்டைத் தொட்டாள். அதற்கு அப்புறம் வந்த பக்கங்களை எல்லாம் சம்மதம், சம்மதம் என்று தள்ளிக்கொண்டே போனாள். அவற்றில் ஒன்றில்தான் இருந்திருக்கிறது: 'வழக்கத்தைவிடக் கணக்கில் அதிகம் வந்தால், உபரியைச் சேமிக்கவா?'

உபரி! நேற்று ராத்திரி முழுக்க அந்தச் சொல்தான் அவளைக் குத்தியது. இந்த வீடு எவ்வளவு கொஞ்சத்தில் ஓடும் என்று எறும்பு மாசக்கணக்கில் உட்கார்ந்து படித்திருக்கிறது. அம்மா பஸ்ஸுக்குப் பதில் நடந்தது, மாத்திரையைப் பாதி வாங்கியது, எல்லாம் அதற்குத் தெரியும். தெரிந்துகொண்டு என்ன செய்தது? இவர்களுக்கு இவ்வளவு போதும், மற்றதெல்லாம் மிச்சம் என்று முடிவு கட்டிவிட்டது. நேற்றுச் சாயங்காலம் கைதட்டியது. 'சபாஷ்! இதுவரை இல்லாத பெரிய சேமிப்பு!' மெஷினுக்குள் முக்கால்வாசி தண்ணீர் ஏறியிருந்தது.

வரிசை மறுபடி நகர்ந்தது.

"அம்மா," என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கொஞ்சம் வெளிய வா."

"இப்பவா? பாத்ரூமா?"

"இல்ல. பணம் இல்லம்மா."

அம்மா திரும்பினாள். கண்ணாடியக்காவும் திரும்பினாள். சுண்டுவுக்குச் சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தத் தெரியவில்லை. எறும்பு, பூட்டு, மாமா, உபரி, எல்லாம் முன்னும் பின்னுமாகக் கொட்டியது. பின்னால் நின்றவர் அவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார்.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தாள். அம்மா அடிக்கவில்லை. "நேத்தே தெரியுமா உனக்கு?" என்று மட்டும் கேட்டாள். சுண்டு தலையாட்டினாள். "நேத்தே சொல்லியிருந்தா ஒரு ராத்திரி கிடைச்சிருக்கும்டி எனக்கு."

"ஆப் எடுத்துச்சாம்," என்றாள் கண்ணாடியக்கா. குரலை உயர்த்தவில்லை. "போன தடவ மேஸ்திரி, பர்ஸ யாரோ அடிச்சிட்டாங்கன்னான். இந்தத் தடவ எறும்பு. நல்லாருக்கு."

"அக்கா, பாத்துப் பேசுங்க."

"நான் என்ன பேசிட்டேன்? கூடத்துல போயி நீ பேசு. நான் கேட்டுக்கறேன்." அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில், ஆம்புலன்ஸ் திரும்பும் இடத்தில் நின்று, எறும்பின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார்கள். முதலில் பாட்டு. பிறகு ஒரு மெஷின் குரல், 'சேமிப்பு பற்றி அறிய ஒன்றை அழுத்தவும்,' என்றது. பணம் எடுக்க எந்த எண்ணும் இல்லை. போட எல்லா எண்ணும் இருந்தது. கடைசியில் ஒரு பையனின் குரல் கிடைத்தது. அவனுக்கும் சுண்டுவைவிட ரெண்டு மூன்று வயசுதான் கூட இருக்கும். போனை அம்மா பிடுங்கிக்கொண்டாள்.

"மேடம், கவலைப்படாதீங்க. உங்க பணம் ரொம்பப் பாதுகாப்பா இருக்கு."

"யாருகிட்டேர்ந்து பாதுகாப்பா?"

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"சொல்லுப்பா. என்கிட்டேர்ந்தா?"

"மேடம், பூட்டு நீங்க போட்டது. உங்க சம்மதத்தோடதான்..."

"தம்பி, காது குடுத்துக் கேளு. அது என் பணமே இல்ல. ஒரு பொம்பளையோட விரலு அது. நாளைக்குக் காலைல தைக்கணும்."

"ஆனா உங்க கணக்குலதானே மேடம் இருந்துச்சு? கணக்குல இருந்தா உங்க பணம்தானே?"

அம்மா போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்தாள். ஏதோ அழுக்கைத் தொட்டுவிட்ட மாதிரி. மறுபடி வைத்தாள். "எங்க கூடத்துல வந்து அப்படிச் சொல்லிப் பாரு," என்றாள்.

விண்ணப்பம் கொடுத்தால் பரிசீலிப்பார்களாம். வாரக் கணக்கில் ஆகலாமாம். சரி, இனிமேலாவது எடுக்காதே, நிறுத்து என்றாள் அம்மா. நிறுத்தக் கோரிக்கை எடுத்துக்கொள்ளப்பட்டதாம், மூன்று வேலை நாளில் நின்றுவிடுமாம். "எடுக்கறதுக்கு ஒரு நொடி, நிறுத்தறதுக்கு மூணு நாளா?" என்று அம்மா கத்தினாள். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம் என்று கேட்டான் அந்தப் பையன். அவனுக்குக் கொடுத்த காகிதத்தில் கடைசி வரி அதுவாக இருந்திருக்கும்.

கூடத்துக்கு நடந்தார்கள். பாதி வழியில் அம்மா கேட்டாள், "ஏண்டி பூட்டு போட்ட?"

"மாமா வாங்கிட்டுப் போயிடுவார்னு."

அம்மாவுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. "அவன் தண்டம்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவன் கேட்டுத்தான்டி எடுத்தான். மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு எதிர்ல வந்து நின்னான். நான் திட்டினா வாங்கிக்கிட்டான். இத நான் எங்க போய்த் திட்டறது?" சுருட்டிய கையை இன்னும் மேலே ஏற்றிவிட்டாள். "சிறுவாடு சேக்கத் தெரியாதவளா நான்? எங்க வெச்சேன்னு எனக்குத் தெரியும். வேணும்னா எடுப்பேன். அதுக்குப் பேருதான் சேமிப்பு."

"எனக்காகப் பேசு அம்மா. நான் உள்ள வரல."

"நீதான் பேசற," என்றாள் அம்மா.

ஷிப்ட் மாறும் நேரம். கூடத்துக்குள் ஆவி முட்டிக்கொண்டிருந்தது. விரிப்புகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. நெட்டையக்காவின் உருளைக்கு ஆள் மாற்றியிருந்தார்கள். பொத்தானை இன்னும் மாற்றவில்லை. கண்ணாடியக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தாள் என்பது எல்லோரும் நின்ற நிலையிலேயே தெரிந்தது. வழக்கமாகச் சுண்டுவைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளும் பெண்கள். இன்று யாரும் கிட்டே வரவில்லை. அம்மாவுக்குப் பக்கத்திலும் யாரும் நிற்கவில்லை. சுண்டுவால் தாங்க முடியாதது அதுதான். தன் மேல் துப்பினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"அம்மா எடுக்கல," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. மெஷின் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. "நான்தான் போட்டேன் அந்த ஆப்ப. அம்மாவுக்குத் தெரியவே தெரியாது." போனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். நீலத் தண்ணீர், சிரிக்கும் எறும்பு. "உங்க பணம்தான் இதுல தண்ணியா நிக்குது. வெளிய எடுக்க விட மாட்டேங்கறாங்க. திருட்டுப் பசங்க, சபாஷ்னு வேற சொல்றாங்க!"

சொல்லச் சொல்ல அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கண்ணாடியக்கா வந்து போனை வாங்கினாள். கறை பார்ப்பது போலவே பார்த்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பி, மூக்கருகே கொண்டுபோய், ஒவ்வொரு வரியாக. பிறகு அதைச் சுண்டுவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய போனை எடுத்தாள். அதிலும் ஓர் ஓரத்தில் மூட்டையைச் சுமந்துகொண்டு எறும்பு சிரித்தது.

"என் பையன் போட்டுக் குடுத்தான்," என்றாள் யாரிடமோ. "மாசக் கடைசில பணம் ஏன் இடிக்குதுன்னு அவன் பொண்டாட்டியச் சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்." உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள். "இதுனால நெட்டைக்குக் கை வந்துடாது."

அம்மா மடிப்பு மேசைக்குப் போனாள். துவைத்து அடுக்கியிருந்த தலையணை உறைகளில் ஒன்றை உருவினாள். ஆஸ்பத்திரி முத்திரை குத்திய வெள்ளை உறை. தன் பர்ஸைக் கவிழ்த்து அதற்குள் கொட்டினாள். பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையும் விழுந்தது. "இன்னைக்குக் கணக்குல ஓவர்டைம் காசு வரும். வந்ததும் அதையும் மாத்திப் போடறேன். எறும்பு குடுத்தா உங்க பணம் உங்களுக்கு, குடுக்கலன்னா என் சம்பளத்துல கழிச்சுக்கோங்க. மறுபடி கேக்கறேன்னு திட்டுங்க. ஆனா குடுங்க. ஜன்னல் மூடறதுக்குள்ள கட்டணும்."

உறை அடுத்தவளிடம் போனது. அவள் இடுப்பிலிருந்து எதையோ எடுத்துப் போட்டாள். அடுத்தவள் கையை விரித்துக் காட்டிவிட்டு உறையைத் தள்ளினாள். ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் கடன் வாங்கிப் போட்டாள். ஒருத்தி முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். உறை பாதிகூட நிரம்பவில்லை. ஆவிக்குள் கைமாறிக் கைமாறி அது கண்ணாடியக்காவிடம் வந்து சேர்ந்தது.

அவள் உறையின் வாயை விரித்து உள்ளே பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். போடவும் இல்லை, அடுத்தவளிடம் தரவும் இல்லை.

அப்போது சுண்டுவின் கையில் போன் அதிர்ந்தது. அம்மாவின் ஓவர்டைம் காசு வந்து விழுந்திருந்தது. அவள் விரல் ஓடிப்போய்த் தொடுவதற்குள், உருளைச் சத்தத்தையும் மீறி, அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி எறும்பு கைதட்ட ஆரம்பித்தது.