எருக்க மாலை

பஸ் டிப்போவில் சங்கச் செயலாளர் தேர்தல் என்றால், நிற்கிற ஒவ்வொருவரும் இரண்டு மாலையோடு வருவார்கள். தனக்கு வாகை, எதிராளிக்கு எருக்கு. தோற்றவர் எருக்க மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு ஷிப்ட் முடியும்வரை நடமாட வேண்டும். எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்தானோ, இதற்குப் பெருந்தன்மை என்று பெயர் வேறு.

மெக்கானிக்குக்கு இதுவரை எருக்கை அடுத்தவர் கழுத்தில் போட்டுத்தான் பழக்கம். இந்த முறை எதிரில் நின்றது தங்கையின் புருஷன், டிரைவர். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். டிக்கெட் கவுன்டரில் இருக்கும் தங்கையின் ஓட்டைப் பற்றி யாராவது கேட்டால் மெக்கானிக் சிரிப்பார்.

"அவ என் கூடப்பிறந்தவ. அது என் சட்டைப் பையில இருக்கு."

ஒரே ஓட்டில் தோற்றார்.

"குனிங்க மச்சான், எனக்கு எட்டலை" என்றார் டிரைவர். கூட்டம் சிரித்தது. மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். காம்புகளில் கசிந்த பால் காலரில் பிசுபிசுத்தது.

நேராக டிப்போ கேட்டுக்குப் போய் வாட்ச்மேனின் சட்டையைப் பிடித்தார்.

"எத்தனை தடவை வீடு தேடி வந்து கேட்டேன். கழுத்தறுத்துட்டியேடா."

வாட்ச்மேன் அந்தக் கையைத் தட்டிவிட்டார். "உங்களுக்குத்தான் போட்டேன். ஏன்டா போட்டோம்னு இப்பத் தோணுது."

அங்கே நிற்கப் பிடிக்காமல் கவுன்டருக்கு வந்தார். தங்கையின் கண்கள் சிவந்து, இமைகள் வீங்கியிருந்தன. மெக்கானிக்கின் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. இத்தனை பேர் பல்லிளிக்கும் இடத்தில் தனக்காக அழ ஒரு ஜீவனாவது இருக்கிறதே.

"விடும்மா. இதுக்குப் போயா அழுவாங்க?"

"யாரு அழுதா?" ஈரக் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "காலைல உட்கார்ந்து உனக்கு மாலை கட்டினேன். எருக்கம்பால் கையோட கண்ணைத் தேய்ச்சுட்டேன்."

மெக்கானிக் தன் கழுத்து மாலையைக் குனிந்து பார்த்தார். "அப்போ ஓட்டு?"

"வாட்ச்மேன் வீட்டுக்கு எங்க வாசலைத் தாண்டித்தான் போவ. தினம் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு நாளாவது உள்ள வந்து, எனக்குப் போடும்மான்னு கேட்டியா?"

மெக்கானிக் கவுன்டர் ஜன்னலை மறித்தபடியே நின்றார்.

"தள்ளி நில்லுண்ணே" என்றாள் அவள். "பின்னாடி டிக்கெட்டுக்கு ஆள் நிக்கிறாங்க."