பேர் ஒட்டாத டேப்

"சுடரு, டேப்பு முடியப் போவுது! இன்னொண்ணு இருந்தா எடு, சீக்கிரம்!"

மருதையன் கேமராவைத் தோளிலிருந்து இறக்காமலே கத்தினான். அவள் அப்பா நல்லக்கண்ணுவைக் குளிப்பாட்டி, கோடி வேட்டி உடுத்தி, பாடையில் ஏற்றியிருந்தார்கள். வாசலில் தப்புச் சத்தம் காதைப் பிளந்தது. அம்மா ராசம்மாளைக் கீழே விழாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த சுடர்விழி, அவளைப் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயிடம் விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். ஆணியில் வேலைக்குப் போகும் பை தொங்கியது. கையை விட்டுத் துழாவியதில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டேப் ஒன்று தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தாள். பேர் ஒட்டியிருக்கவில்லை. ஸ்டூடியோ வழக்கப்படி பேர் ஒட்டாத டேப் என்றால் வெறும் டேப். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மறுபடியும் வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

சாவு வீட்டில் வீடியோ எடுப்பதா என்று அந்த ஊரில் இப்போது யாரும் மூக்கில் விரல் வைப்பதில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை கடல் தாண்டிப் போய்விட்ட காலம். வரமுடியாத பிள்ளைக்கு அப்பன் முகத்தைக் காட்டவாவது வேண்டாமா? மன்னார்குடியில் சுடர்விழி எடிட்டிங் செய்யும் ஸ்டூடியோவில் மாசத்துக்கு மூன்று சாவு வரும். அதையெல்லாம் வெட்டி ஒட்டிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவள்தான் அவளும். இன்று அவள் வீட்டிலேயே வந்து நின்றது.

தம்பி அறிவுச்செல்வன் ஷார்ஜாவில் இருந்தான். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது, கம்பெனிக்காரன் லீவு கொடுக்கவில்லை. காலையில் போனில் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அக்கா, அப்பா எம்மேல கோவமாவே போயிட்டாராக்கா?"

ஆறு வருசத்துக்கு முன்னால் அவன் கிளம்பியபோது, "இருக்குற ரெண்டு மா நெலத்த எவன்டா பாப்பான்? போறதுன்னா போ. திரும்பி இந்த வாசப்படி ஏறாத" என்று சொன்னவர்தான் நல்லக்கண்ணு. பண்ணையில் கூலிக்கு நின்ற வம்சத்தில் முதல்முதலாகச் சொந்தமாக நிலம் வாங்கிய மனுசன். அந்தக் கோபம் அவருக்கு ஒரே வருசத்தில் ஆறிவிட்டது. ஆனால் ஆறிவிட்டது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. போனைக் கொடுத்தால், "ம்... நல்லாருக்கேன். இந்தா அக்காகிட்ட பேசு" என்று நெருப்பைத் தொட்டவர் மாதிரி திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"இல்லடா அறிவு," என்றாள் சுடர்விழி. "உனக்குன்னே நாப்பது நிமிசம் பேசி டேப்புல வச்சிருக்காரு. அஜீஸ் பாய் சனிக்கிழம அங்க கிளம்புறாருல்ல, சாவு சி.டி.யோட அதையும் குடுத்தனுப்புறேன். நீயே கேளு."

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகத்தான் கேட்டார். "ஏம்மா, அந்தக் கேமராவ ஒருநா வீட்டுக்குக் கொண்டாற முடியுமா? நேர்ல பேசுற மாரி அவங்கிட்ட நாலு வார்த்த பேசணும்." தம்பி அனுப்பி, அவர் ஒருநாளும் போடாத வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பட்டனை அமுக்கியதும், "நீ உள்ள போம்மா. நீ நின்னா எனக்குப் பேச்சு வராது. இது எனக்கும் அவனுக்கும்" என்றார். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கிருந்து ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. நடுவில் ஒருதரம் அவர் சிரித்தது மட்டும் கேட்டது.

அந்த டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி சி.டி. போட வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் வந்தது வினை. ஒரு மணி நேர டேப் ஏற ஹார்டு டிஸ்க்கில் பதின்மூன்று ஜி.பி. வேண்டும். வைகாசி முகூர்த்தம், எட்டுக் கல்யாணம் உள்ளே அடைத்துக் கிடந்தது. கொஞ்சநஞ்ச இடம் ஒழித்து ஏற்றினால், எந்த டேப்பானாலும் பத்தாவது நிமிசம் படம் விட்டுவிட்டு ஓடி நின்றுபோகும். "ஊரான் வேலைய முடிச்சிட்டு உன் வேலையப் பாரும்மா" என்றார் முதலாளி இராஜாங்கம். நம்ம வீட்டு டேப்தானே, எங்கே ஓடிப்போகப் போகிறது என்று அவளும் விட்டாள். ஆரம்பத்துக்குச் சுற்றி வைத்ததோடு சரி, பேர் எழுதி ஒட்டக்கூட இல்லை. அது தினம் பையில் அவளோடு ஸ்டூடியோவுக்குப் போய், அவளோடு திரும்பி வந்தது.

"அனுப்பிட்டியாம்மா?" என்று நாலாம் நாள் கேட்டார்.

"அனுப்பிட்டேன்ப்பா."

பாவி, அதோடு நின்றாளா? செத்த அன்று விடியற்காலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவர், நெஞ்சைத் தடவிக்கொண்டே கேட்டார். "பாத்துட்டானா? என்ன சொன்னான்?"

"பாத்துட்டான்ப்பா. அழுதுட்டானாம்."

"அழுதானா?" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி சரி" என்று முகம் கழுவக் குழாயடிக்குப் போனார். குடம் உருளும் சத்தம் கேட்டு இவள் ஓடினபோது குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலை பால் தெளித்துவிட்டு ஆம்பளைகள் திரும்பினார்கள். சுடர்விழி பையை எடுத்து மாட்டினாள். "எளவு ஈரம் காயல, வேலைக்கிக் கிளம்பிட்டா பாரு" என்று பொன்னுத்தாய் முணுமுணுத்தது காதில் விழுந்தது. ராசம்மாள்தான் சுருண்டு கிடந்த இடத்திலிருந்து, "போவட்டும் விடு. எம்புள்ளைக்கி அனுப்பத்தான் போறா" என்றாள். பிறகு மகளைப் பார்த்து, "அவருதான் என்ன பேசுனாருன்னு எங்கிட்டக்கூட ஒரு வார்த்த சொல்லலியே. அவனாச்சும் கேக்கட்டும்" என்றாள்.

பையில் பேர் ஒட்டாத டேப் ஒன்று பத்திரமாக இருந்தது. பஸ்ஸில் போகும்போது அதை இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஸ்டூடியோவில் மருதையன் மட்டும் இருந்தான். எழவு டேப்புகள் இரண்டையும் மேஜைமேல் எடுத்து வைத்திருந்தான். அஜீஸ் பாய் ஐந்து மணிக்கு வருவார். சுடர்விழி முதலில் அப்பாவின் டேப்பைப் போட்டாள்.

திரை நீலமாக இருந்தது.

ஓட்டினாள். நீலம். கேமரா ஹெட்டில் தூசி இருக்கும் என்று துடைக்கிற டேப்பைப் போட்டு ஓட்டினாள். நீலம். கேபிளைப் பிடுங்கி மாற்றினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். வேறு கேமராவில் போட்டாள். ஊரான் கல்யாணத்தில் இப்படி வந்தால் வரிசையாக என்னென்ன பார்ப்பாளோ அத்தனையும் பார்த்தாள். கை தானாக வேலை செய்தது. கடைசி வரைக்கும் ஓட்டியும் நீலம்தான்.

"பதியலியோ என்னமோ," என்றான் மருதையன்.

"பதிஞ்சுதுண்ணே. செவப்பு லைட்டு எரிஞ்சத நான் பாத்தேன்."

"சரி, மணியாவுது. எளவு டேப்ப ஏத்து மொதல்ல. அத அப்பறம் பாத்துக்கலாம்."

முதல் டேப் ஏறியது. போகப்போகச் சத்தம் படத்தைவிட்டு முந்திக்கொண்டது. குச்சி தப்பில் படுமுன்னே அடி கேட்டது. அம்மா வாயைத் திறக்குமுன்னே "என்ன பெத்த ராசா" என்று அலறல் வந்தது. சவுண்டு செட்டிங்கைப் பார்க்காமல் எடுத்துவிட்டான் மருதையன். சுடர்விழி ஐந்து ஐந்து நிமிசமாகத் துண்டு போட்டு, அம்மாவின் அழுகையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, அவள் வாயோடு சேர்த்து வைத்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

இரண்டாவது டேப், பாடை தூக்கியதிலிருந்து. வாய்க்கால் கரை, மூங்கில் பாலம், சுடுகாடு. பங்காளி மகன் கொள்ளி வைத்தான். முப்பத்தெட்டாவது நிமிசத்தில் கம்ப்யூட்டர் டக்கென்று நின்றது. மறுபடி ஏற்றினாள். அதே முப்பத்தெட்டில் நின்றது. கேபிள் கோளாறு என்றால் ஒவ்வொரு தரமும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும். ஒரே இடத்தில் நின்றால் கோளாறு டேப்பில்தான். அங்கே ஒரு பதிவு முடிந்து வேறு பதிவு இருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தொழிலில் இது பாலபாடம்.

சுடர்விழி கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, டேப்பைக் கேமராவிலேயே ஓட்டினாள். எரியும் சிதை வந்தது. கேமரா கீழே சாய்ந்து மருதையனின் செருப்புக் கால் தெரிந்தது. ஒரு நொடி கோடு கோடாக ஓடியது. பிறகு அவள் வீட்டுச் சுவர், பிளாஸ்டிக் நாற்காலி, வெள்ளைச் சட்டை.

"...அவ்வளவுதாம்ப்பா. நான் சொன்னதெல்லாம் மனசுல வச்சுக்க. ஒண்ணயும் மறந்துடாத."

"அடிப்பாவி," என்றாள் சுடர்விழி. தன்னைத்தான் சொல்லிக்கொண்டாள். பையில் இருந்தது இரண்டு டேப். வெறும் டேப்பை வைத்துவிட்டு அப்பாவைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அப்பா பேசியது முழுக்க அப்பாவின் சாவுக்கு அடியில் போய்விட்டது. இனி எந்த மெசினை வைத்தும் எடுக்க முடியாது. ஊருக்கெல்லாம் அதைச் சொல்லி அனுப்புகிறவளே அவள்தான். மேஜையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

மருதையன் டீ வாங்கி வந்து வைத்தான். அது ஆடை கட்டிக் கிடந்தது.

"எம் மேலயும்தாம்மா தப்பு. ஓட்டிப் பாத்துட்டு எடுத்திருக்கணும்," என்றான். பிறகு திரையைக் காட்டினான். "இது ரெண்டு நிமிசம்கூட இல்ல. கட் பண்ணிடு. இத மட்டும் பாத்தான்னா மிச்சம் எங்கன்னு கேப்பான். டேப்பு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

சுடர்விழி முகத்தை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள்.

"அவருகிட்டதான் பொய் சொன்னேன். இவங்கிட்டயும் சொல்லச் சொல்றியாண்ணே? கேக்கட்டும்."

அந்த இரண்டு நிமிசத்தை அவள் தனியாக ஏற்றினாள். சிதைக்குப் பின்னால் கொண்டுபோய் ஒட்டினாள். பூப் போட்ட ஃபிரேம், மங்கி மறைகிற வித்தை, பின்னணி இசை எதுவும் சேர்க்கவில்லை.

அஜீஸ் பாய் ஐந்தே காலுக்கு வந்தார். கம்ப்யூட்டரில் சி.டி. பதிந்துகொண்டிருந்தது. "ரெண்டு சி.டி.ன்னு தம்பி சொன்னாப்லயே?"

"ஒண்ணுதான் பாய். கடைசி வரைக்கும் பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டு எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. நான் அவங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் சி.டி.யை வாங்கி, சட்டைத் துணிக்குள் சுற்றிப் பையின் நடுவில் வைத்துக்கொண்டு போனார். அதன்மேல் அவள் கொட்டை எழுத்தில் பேர் எழுதியிருந்தாள்.

மருதையன் கடையை அடைக்க வேண்டும் என்று சாவியை ஆட்டிக்கொண்டு நின்றான். "இத மட்டும் ஒருக்கா பாத்துர்றேண்ணே" என்று சுடர்விழி கடைசித் துண்டை மறுபடி ஓட்டினாள்.

"...ஒண்ணயும் மறந்துடாத." நல்லக்கண்ணு சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார். அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "சுடரு, முடிஞ்சிருச்சும்மா. வந்து அமத்து."

"இதோ வர்றேன்ப்பா," என்றது உள்ளிருந்து அவள் குரல். சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"இத உடனே அனுப்பிடணும், என்னா?"

"சரிப்பா. வர்றேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, அடுப்படி வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.