கண்ணாடியில் ஒரு பெனால்ட்டி

சலூன்காரருக்குத் தன் மாப்பிள்ளை மேல் முதல் நாளிலிருந்தே சந்தேகம். சிவப்பு அணிதான் உயிர் என்று அளக்கிறவன், பச்சை அணிக்காரர்கள் நிறைந்த தெருவில் போய் ஏன் வீடு பிடித்தான்?

ஒரு காலத்தில் இரண்டும் ஒரே கால்பந்து அணிதான். இறுதிப் போட்டியில் பெனால்ட்டியை யார் அடிப்பது என்று அண்ணனும் தம்பியும் கட்டிப் புரண்டதில் அது இரண்டாக உடைந்தது. அன்றிலிருந்து சிவப்புக்காரர்கள் பெனால்ட்டியைப் பார்ப்பதில்லை. முதுகைக் காட்டிக் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள். பச்சைக்காரர்களோ கண்கொட்டாமல் பார்ப்பார்கள். பயலின் சாயம் வெளுக்க இதைவிட நல்ல சோதனை ஏது?

அன்று இரு அணிகளும் மோதின. சலூன் டிவி முன்னால் ஒரே சிவப்புக் கூட்டம். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் சிவப்புக்கு ஒரு பெனால்ட்டி. எல்லோரும் திரும்பிக் கண்ணை மூடினார்கள். மாமனார் மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து, எதிரே இருந்த பெரிய கண்ணாடியில் மாப்பிள்ளையைத் தேடினார்.

பாவம், அவன் கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அவனுக்குப் பின்னால், பக்கச் சுவரில் வீட்டுக்குப் போகும் கதவோரம், டீத் தட்டோடு அவர் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவரோடு சேர்ந்து சிவப்புக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள். அவள் கண்ணிரண்டும் டிவியில் இருந்தன. பச்சை கோல்கீப்பர் பந்தைத் தட்டிவிட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

கண்ணாடிக்குள் இருவர் கண்களும் முட்டிக்கொண்டன.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஏங்க, கண்ணைத் திறந்திருக்கீங்க? நீங்க எப்பலேருந்து பச்சை?"