நூறு வாங்கி இரண்டாவது

டிரெஸ்ஸா கோல்ப் உயர்நிலைப்பள்ளியின் நான்கு வருடத்தில் ஒரு பாடத்தில்கூட ஏ-வுக்குக் கீழே இறங்கியதில்லை. டெக்சாஸின் அந்தச் சின்ன ஊரில் அந்த வருடம் படிப்பு முடிக்கிற அறுபத்தோரு பேரில் அப்படி இன்னொருத்தர் கிடையாது. முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் கட்டணமில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மா டோரீன் அதை நம்பித்தான் இருந்தாள். அது இல்லையென்றால் ஊர்க்கோடியில் கோழி வெட்டும் ஆலை. அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மே மாதம் பட்டியல் ஒட்டினார்கள். முதலாவது, காரின் வாஷெக். இரண்டாவது, டிரெஸ்ஸா.

காரின் அவளுடைய சிநேகிதி. வேதியியலில் பி வாங்கியவள்.

டிரெஸ்ஸா ஆலோசகர் அறைக்கு ஓடினாள். "மிஸ், தப்பா ஒட்டிட்டீங்க. அவ பி வாங்கியிருக்கா. நான் எல்லாத்துலயும் ஏ!"

மிஸஸ் ஹாட்செட் தாளைத் திருப்பி வைத்தாள். "உக்காரு கண்ணு. கடினப் பாடத்துல ஏ வாங்கினா அஞ்சு புள்ளி, சாதாரணப் பாடத்துல ஏ வாங்கினா நாலு. அது தெரியும்ல?"

"தெரியும்."

"முப்பது பாடத்துக்கு உனக்கு நூத்து நாப்பத்தி நாலு. சராசரி நாலு புள்ளி எட்டு. காரினுக்கு அந்த பி-யால ஒண்ணு கம்மி, நூத்து நாப்பத்தி மூணு. அத்தோட விட்டிருந்தா நீதான் முதல்." பேனா கீழே இறங்கியது. "ஆனா நீ பேண்டு வாத்தியக் குழுவுல சேந்துட்டியே. அணிவகுப்புல வாசிக்கிறது ஒண்ணு, கச்சேரி ஒண்ணு. ரெண்டும் சாதாரணப் பாடம்."

"ரெண்டுலயும் நூத்துக்கு நூறு மிஸ்!"

"நூறு வாங்கினாலும் நாலுதான். எட்டைக் கூட்டி முப்பத்திரண்டால வகுத்தா நாலே முக்கால். காரினுக்கு நாலு புள்ளி ஏழு ஏழு."

டிரெஸ்ஸா தாளின் ஓரத்தில் தானே வகுத்துப் பார்த்தாள். எத்தனை தடவை வகுத்தாலும் அதேதான் வந்தது.

"அவளும்தானே பேண்டுல இருக்கா? என் பக்கத்து நாற்காலி!"

"அவ பள்ளி திறந்த ஆகஸ்ட்லயே பேண்டுக்கு மதிப்பெண் வேண்டாம்னு படிவம் கொடுத்துட்டா. கணக்குல வராது."

"நானும் இப்பவே விட்டுடறேன் மிஸ்."

"இப்ப விட்டா பூஜ்யம் போடுவாங்க, கண்ணு."

அந்த ஆகஸ்டில் காரின் கண்ணீரோடு வந்து நின்றது டிரெஸ்ஸாவுக்கு நினைவு வந்தது. 'கிளாரினெட்டுக்கு ஆள் பத்தலடி. நீ வரலைன்னா போட்டிக்கே போக முடியாது' என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாளே!

காரின் வாகன நிறுத்தத்தில் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"பள்ளிக் கையேட்டுல இருக்கே, பதினாலாம் பக்கம். எல்லாத்தையும் படிக்கிறவ நீதானே?"

"உனக்காகத்தானேடி சேந்தேன்!"

"நான் பி வாங்கின அன்னிக்கு நீ என்ன சொன்ன? 'இனி ஜென்மத்துக்கும் நீ ரெண்டாவதுதான்'னு பத்துப் பேர் முன்னால சொல்லிச் சிரிச்ச." காரின் இன்னொரு தோலைத் துப்பினாள். "நானும் உக்காந்து கணக்குப் போட்டேன்."

அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. "எல்லாத்துலயும் ஏ வாங்கிட்டு எப்படிடி ரெண்டாவது? எதையாவது என்கிட்ட மறைக்கிறியா?"

பட்டமளிப்பு, கால்பந்து மைதானத்தில். கிளாரினெட்டுக்கு அன்றும் ஆள் பற்றவில்லை. டிரெஸ்ஸா அங்கியோடு பேண்டு வரிசையில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி காலி.

மேடையில் காரின் பேசினாள். "மார்க் முக்கியமில்ல, சந்தோஷம்தான் முக்கியம்னு எனக்குக் கத்துக்குடுத்தவ என் சிநேகிதி டிரெஸ்ஸா. மார்க்கைப் பத்திக் கவலைப்படாம, எனக்காக பேண்டுக்கு வந்தா. எழுந்திரு டிரெஸ்ஸா, எல்லாரும் பாக்கட்டும்!"

டிரெஸ்ஸா எழுந்தாள். மைதானமே கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது அம்மா டோரீன்தான், பேருந்து நிறுவனத்தின் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள்.

பேண்டு ஆசிரியர் கோலைத் தூக்கினார். முதலிடம் பெற்றவருக்கான வாழ்த்து இசை. அதன் முதல் பத்து நொடி கிளாரினெட் மட்டும்.

டிரெஸ்ஸா ஒரு சுரம்கூடப் பிசகாமல் வாசித்தாள்.