வலது காதில் விழுந்த மணி

ஃபரூக் எங்கள் மலைக்கு வந்த அன்று முதலில் செய்த காரியம், வெறும் பாறையைப் பார்த்துக் கை தட்டியதுதான். ஒரு தட்டு தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். பத்தடி தள்ளிப் போய் மறுபடி தட்டுவார். சாமை அறுக்கப் போய்க்கொண்டிருந்த நாங்கள் வரப்பிலேயே நின்றுவிட்டோம்.

"யாருக்குடி கை தட்டுறான் இவன்?" என்றாள் கெங்கம்மா அத்தை. "அங்க ஒரு குருவிகூட இல்லியே."

அவர் சொன்ன காரணத்தை யாரும் நம்பவில்லை. வாணியம்பாடியில் அவருக்குக் கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை இருந்தது. அந்தக் கடைக் கேசட்டை எனக்கும் தெரியும். ஒடுகத்தூரிலிருந்து மலைக்கு வரும் பஸ்ஸில் அதைத்தான் போடுவார்கள். மற்றக் கடைக் கேசட்டுகளில் பாட்டுக்குப் பின்னால் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல் இருக்கும். இவர் கடைக் கேசட்டில் அது இருக்காது. பாடுகிறவர் மூச்சு இழுப்பதும், தபேலாக்காரரின் மோதிரம் தட்டுப்படுவதும்கூடக் கேட்கும். அதற்காகவே செங்கத்திலிருந்து ஆட்கள் போய் வாரக்கணக்கில் காத்திருந்து பதிந்து வருவார்கள் என்று கண்டக்டர் சொல்வார்.

இப்போது அவருக்கு அறைக்குள் பாடாத பாட்டு வேண்டுமாம். காற்று, தாள் உரசுவது, அரிவாள் சத்தம் எல்லாம் சேர்ந்து விழ வேண்டுமாம். எங்கே எதிரொலி குறைவு என்று பார்க்கத்தான் கை தட்டினாராம்.

"தோல் மண்டிக்காரன் வூட்டுப் புள்ள, பாட்டு கேக்கவா மலை ஏறி வருவான்?" என்றார் என் அப்பா. அப்பா பெயர் தீர்த்தகிரி. அதிகம் பேசமாட்டார். புகையிலை போடுகிறவர் என்பதால் பேசும் முன் இரண்டு முறை இருமுவார். "வேற இன்னாவோ காரியம் இருக்குது."

"சந்தன மரம் எங்க நிக்குதுன்னு பாக்க வந்த பாரஸ்ட் ஆளு," என்றார் எங்கள் பஞ்சாயத்தை நடத்தும் ஊர்க் கவுண்டர் ராஜாக்கண்ணு.

கெங்கம்மா அத்தைதான் சிரித்தாள். "பாடுறது நாங்க. எங்க வாயிலேர்ந்து இன்னாத்தத் திருடிட்டுப் போய்டுவான்? வாய்யா, எங் கொல்லைக்கு வா."

அத்தையின் சாமைக் கொல்லையில் பதினான்கு பெண்கள் அறுத்தார்கள். எனக்குக் கூட்டத்தில் பாட வராது. அதனால் மூங்கிலைப் பிடித்துக்கொள்ள என்னை நிறுத்தினார்கள். மூங்கில் தலையில் ஒரு குறுக்குக் கட்டை. அதன் இரண்டு முனையிலும் இரண்டு மைக். இடது மைக் கோயில் பாறையைப் பார்த்தது. வலது மைக், பக்கத்திலிருந்த எங்கள் கொல்லைக்குக் கீழே இறங்கும் பள்ளத்தைப் பார்த்தது.

"அசையாதம்மா," என்றார் ஃபரூக். "நீ மூச்சு விட்டாக்கூட இதுல விழும்."

பாட்டு முடியும்வரை நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அத்தை அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, காதில் ஹெட்போனோடு, சாமைத் தாளின் நடுவே மண்டியிட்டிருந்தார். பாதிப் பாட்டில் ஒருமுறை மட்டும் முகத்தைச் சுளித்தார்.

அன்று பொழுது சாய்ந்தபோது கெங்கம்மா அத்தையின் செவலைப் பசு வீடு திரும்பவில்லை.

எங்கள் ஊரில் மாடு காணாமல் போவது அபூர்வம். ஒவ்வொரு வீட்டு மாட்டுக்கும் ஒவ்வொரு மணி. சத்தத்தை வைத்தே இன்னார் வீட்டு மாடு இன்ன இடத்தில் மேய்கிறது என்று அடுப்பங்கரையில் இருந்தே சொல்லிவிடுவோம். அத்தையின் மணி விளிம்பில் கீறல் விட்டது. ஒரு தட்டுக்கு ணங் என்னும், மறு தட்டுக்கு டொக் என்னும். அடுத்தவர் கொல்லையில் மாடு வாய் வைத்தால் பிடித்துக் கட்டலாம். ஆனால் கட்டியவர், அதன் மணியை அவிழ்த்து, விளக்கு வைப்பதற்குள் ஊர் நடுவில் இருக்கும் வேங்கை மரத்தில் மாட்ட வேண்டும். மாட்டுக்காரர் அதைப் பார்த்து வந்து தப்பை ஒப்புக்கொண்டு ஓட்டிப் போவார். மணியை மாட்டாமல் கட்டி வைத்தால் அது திருட்டு. அந்த வீட்டோடு யாரும் பெண் கொடுத்து எடுக்கமாட்டார்கள். கோயில் பொங்கலில் அவர்கள் பானைக்கு இடம் இல்லை.

வேங்கை மரம் அன்று வெறுமையாக இருந்தது. மரத்தடியில் ஃபரூக்கைச் சுற்றி ஊரே நின்றது. அவர் பாட்டுப் பதியும் தன் மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"கை தட்டுனது கீழ நிக்குற ஆளுக்குச் சைகை," என்றார் கவுண்டர். "நாம பாட்டுல மயங்கிக் கெடந்தோம், மாடு எறங்கிப் போச்சு."

"தோலுக்குத்தான் ஓட்டிட்டான்," என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். அப்பா. அப்போதுதான் கொல்லையிலிருந்து வந்திருந்தார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

மெஷினைப் பிடுங்கிக் கவுண்டர் வீட்டில் வைத்தார்கள். ஃபரூக்கைப் பள்ளிக்கூடத்தில் படுக்கச் சொல்லி இரண்டு பேரைக் காவல் போட்டார்கள். மற்ற ஆண்கள் எல்லோரும் தார் ரோட்டுக்கு இறங்கும் வழி முழுக்கத் தேடினார்கள். பள்ளத்தில் தேட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. திருடன் மாட்டை மலைக்கு உள்ளேயா ஓட்டுவான்?

மறுநாள் காலை மரத்தடியில் பஞ்சாயத்து கூடியது. ஃபரூக் முகம் வீங்கியிருந்தது. அடி ஏதும் விழவில்லை, தூக்கம் இல்லாததுதான்.

"நான் பாட்டு எடுக்கத்தாங்க வந்தேன். கேட்டுப் பாருங்க. உங்க பாட்டுதான் இருக்குது."

"போடு, எல்லாரும் கேக்குறோம்."

"இதுல ஸ்பீக்கர் இல்லிங்க. காதுல மாட்டித்தான் கேக்கணும்."

"பாத்தியா?" என்று கவுண்டர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஒருத்தன் காதுக்கு மட்டும் கேக்குற பாட்டு இன்னா பாட்டு? அதுல இன்னா ரகசியம்?"

"நீங்களே மாட்டிக்குங்க கவுண்டரே."

"எங் காதுல மந்திரம் வப்பியா? தூரப் போ." கவுண்டர் இரண்டடி பின்னால் போனார். பெண்கள் பக்கம் சிரிப்பு கேட்டது.

கெங்கம்மா அத்தை சிரிக்கவில்லை. இரவெல்லாம் அழுதிருந்தாள். "பூங்கோதை கேக்கட்டும்," என்றாள். "அது பேசாத பொண்ணு. அதுக்குப் பொய்யும் வராது."

என்னை முன்னால் தள்ளினார்கள். ஃபரூக் ஹெட்போனை என் தலையில் மாட்டிப் பொத்தானை அழுத்தினார்.

ஊர் காணாமல் போய் நேற்றைய கொல்லை வந்தது. பதினான்கு அரிவாளும் தனித்தனியாகக் கேட்டன. யாருடைய கண்ணாடி வளையல், யாருடைய ரப்பர் வளையல் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. அடி எடுக்கும் முன் அத்தை எச்சில் விழுங்குவது கேட்டது. என் இடது பக்கம் கோயில் பாறையில் புறா. நேற்று அங்கேயே நின்றும் இதில் பாதியை நான் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான்காம் அடியில், வலது காதில், தூரத்தில்: ணங். டொக். ணங். டொக்.

செவலை நடந்து போகிறது. மேய்கிற மாட்டின் மணி விட்டுவிட்டு ஒலிக்கும். இது ஒரே சீராக ஒலித்தது. யாரோ ஓட்டிப் போகிறார்கள். அத்தை தொண்டை திறந்து பாடிக்கொண்டிருக்கிறாள், அவள் பசு அவள் முதுகுக்குப் பின்னால் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. பிறகு மணி நின்றது. கையால் பொத்தின மாதிரி, பாதி ணங்கில் நின்றது.

அதன்பின் ஓர் இருமல். இன்னோர் இருமல்.

"இன்னாடி கேக்குது?" கவுண்டரின் வாய் அசைந்தது. நான் ஹெட்போனைக் கழற்றினேன். ஊர் முழுக்க என் வாயைப் பார்த்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் காலடியில் இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொன்னால் எங்கள் வீடு போயிற்று. சொல்லாவிட்டால் இந்த மனுஷன் திருடன்.

"பாட்டுதான்," என்றேன். கூட்டத்தைத் தாண்டிப் போய் ஹெட்போனை அப்பாவிடம் நீட்டினேன். "நீயும் கேளுப்பா."

அவர் வாங்கவில்லை. நானே மாட்டினேன். ஃபரூக் டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். முதல் அடி, இரண்டாம் அடி. அப்பா தலையை ஆட்டக்கூட ஆரம்பித்தார். நான்காம் அடி வந்திருக்க வேண்டும். அவர் சட்டென்று வலது பக்கம், பள்ளம் இருக்கும் திசைக்கு, திரும்பினார். அங்கே வெறும் மரம்தான் நின்றது. அவருக்கு இருமல் வந்தது. கையால் வாயைப் பொத்தி அதை விழுங்கிவிட்டார்.

"இன்னா மச்சான், மந்திரம் இருக்குதா?" என்றார் கவுண்டர்.

"பாட்டுதான்," என்றார் அப்பா. "பள்ளத்துப் பக்கம் யாரும் தேடலியே. ஒருக்கா போய்ட்டு வர்றேன்."

அரை மணி நேரத்தில் செவலையோடு திரும்பினார். பள்ளத்தில் பழைய மாட்டுப் பட்டியில் புதருக்குள் மாட்டிக்கொண்டு நின்றதாகச் சொன்னார். அத்தை பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தடவிப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

"மணி எங்க?"

"முள்ளுல அறுந்து வுழுந்திருக்கும்."

அத்தை கயிறு இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஃபரூக்கிடம் மெஷினைக் கொடுத்தார்கள். மன்னிப்பு ஒருவரும் கேட்கவில்லை. "இனிமே கை தட்டணும்னா உங்க ஊர்லயே தட்டு," என்றார் கவுண்டர். மலையிறங்கும் வளைவுவரை ஃபரூக் பின்னாலேயே போனேன். அவர் நின்று திரும்பினார்.

"இன்னாம்மா?"

என் வாழ்நாளில் புது ஆளிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. "நாலாவது அடியில ஒரு சத்தம் இருக்குதுண்ணா. அத எடுத்துடுங்க."

"இருமலா? நானும் நேத்தே கேட்டேன். நல்லா வந்த பாட்டு கெட்டுப்போச்சேன்னு கோவம்கூட வந்துச்சு." என்னை ஒரு கணம் பார்த்தார். "அத மட்டும் தனியா எடுக்க முடியாதும்மா. எடுத்தா உங்க அத்த குரலும் போயிடும். ரெண்டும் ஒண்ணாத்தான் பதிஞ்சிருக்குது."

மேலே வேங்கை மரத்துப் பக்கம் அப்பா இரண்டு முறை இருமினார். ஃபரூக்கின் தலை, கை தட்டிவிட்டுக் கேட்கும்போது சாய்வது போலவே மெல்லச் சாய்ந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

வீட்டில் அப்பா மடியிலிருந்து மணியை எடுத்து என் முன் வைத்தார். "நம்ம சாமையில மேஞ்சிடுச்சுன்னு கட்டுனேன். மணிய மாட்டத்தான் மரத்தடிக்கு வந்தேன். அதுக்குள்ள ஊரே திருடன் திருடன்னு கத்துது. கூட்டத்துக்கு முன்னால எப்படி எடுக்குறது?" மணியைக் கூரையில் செருகினார்.

தை பிறந்த வாரம் பஸ்ஸில் எங்கள் பாட்டு வந்தது. டிரைவர் அதை ஜமுனாமரத்தூர் டீக்கடைக்குக் கொடுக்க, சந்தைக்குப் போன நாங்கள் எல்லோரும் கேட்டோம். கடையில் தலைக்கு மேல் இரண்டு ஸ்பீக்கர். கவுண்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "இன்னா சுத்தமா விழுந்திருக்குது பாரு! கெங்கம்மா மாட்டு மணிகூடக் கேக்குது!"

கெங்கம்மா அத்தை டீ கிளாஸைக் கீழே வைத்தாள். எழுந்து போய் வலது ஸ்பீக்கருக்கு அடியில் நின்றாள். "இன்னொரு தபா போடுய்யா," என்றாள். அவர்கள் போட்டார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் விடியும் முன் கூரையிலிருந்து மணியை உருவி, சத்தம் வராமல் அதன் நாக்கைத் துணியில் சுற்றி எடுத்துப் போய் வேங்கை மரத்தில் மாட்டினேன். அப்பா பாயில் விழித்துக்கொண்டுதான் கிடந்தார். தடுக்கவில்லை.

பொழுது ஏறியதும் அத்தை செவலையை ஓட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். கையில் மணி. எங்கள் வாசலில் வைத்தே பசுவின் கழுத்தில் அதைக் கட்டினாள், வேண்டுமென்றே மெதுவாக. ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். ணங். டொக்.

உள்ளே அப்பா இரண்டு முறை இருமினார்.

"உங்கப்பன் இருமல் ரொம்பத் தெளிவா விழுந்திருக்குதுடி," என்றாள் அத்தை. "தூதுவளைக் கஷாயம் வச்சுக் குடிக்கச் சொல்லு."

தெரு முனையில் வழி பிரிகிறது. இடது பக்கம் போனால் கவுண்டர் வீடு, வலது பக்கம் அவள் கொல்லை. நான் வெளியே வந்து பார்க்கவில்லை. கதவுக்குப் பின்னால் கண்ணை மூடி நின்று கேட்டேன். மணி முனைவரை போய் நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு ணங் என்றது. வலது பக்கமாக நகர்ந்தது.